வாயால் சொன்ன 'இடமில்லை'க்கு மேல்முறையீடு எங்கே?

செராஸ் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் ஒரு தாய் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. மகனின் பிறப்புப் பத்திரம், மருத்துவமனை அறிக்கை, சமூகநல இலாகா கொடுத்த மாற்றுத் திறனாளி அட்டையின் நகல், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பையனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். ஏழு மாதமாக எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

"சேர்க்க முடியாது என்று பள்ளி கொடுத்த கடிதம் எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"கடிதமா? யாரும் கடிதம் தரலையே சார். வாயாலதான் சொன்னாங்க."

இந்தப் பதிலை நான் கேட்பது இது முதல் தடவை அல்ல. சிறப்புக் கல்வி தொடர்பாக என்னிடம் வந்த பெற்றோர் ஒருவரிடம்கூட மறுப்புக் கடிதம் இருந்ததில்லை. எல்லாமே வாய்ச்சொல்தான். "இங்கே வேண்டாம்மா, அவனுக்கு ஏற்ற இடம் வேறே இருக்கு." "இந்த வருஷம் இடமில்லை, அடுத்த வருஷம் வந்து பாருங்க." "கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பாருங்களேன்." சொல்பவர்கள் மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். சிலர் தேநீர்கூடக் கொடுக்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன் முதலாம் ஆண்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தான். இரண்டாவது வாரத்திலிருந்து காலை பத்து மணிக்கெல்லாம் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். வந்து கூட்டிப் போங்கள், நாற்காலியைத் தள்ளுகிறான், மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தாய் பார்த்துக் கொண்டிருந்த தொழிற்சாலை வேலை போனது. ஆண்டு இறுதியில், சிறப்புக் கல்வி வகுப்பு உள்ள தேசியப் பள்ளிக்கு மாற்றிக் கொள்ளுங்கள் என்றார்கள். அங்கே போனால் வகுப்பு நிறைந்துவிட்டது. வேறு பள்ளியைக் கேட்டால், உங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை என்று பதில். செராஸ் என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் வட்டாரத்தில் ஒரு பாதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். மறுபாதி சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டம். சாலையின் இந்தப் பக்கம் ஒரு கல்வி இலாகா, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் பந்து போல உருட்டப்பட்டதில்தான் அந்த ஏழு மாதமும் கரைந்தது.

இதில் யார் மீது வழக்குப் போடுவது? எந்த முடிவை எதிர்த்து?

வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு இதுதான் முதல் சிக்கல். அரசாங்க அதிகாரி எடுத்த முடிவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க நீதித்துறை மறுஆய்வு என்ற வழி இருக்கிறது. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53வது கட்டளைப்படி, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அனுமதி கேட்டு மனுச் செய்ய வேண்டும். முடிவு என்று ஒன்று இருந்தால்தானே அதற்கு நாள் இருக்கும்? கடிதம் இல்லாததால் முடிவும் இல்லை. முடிவு இல்லாததால் மறுப்பும் இல்லை. ஆவணங்களில் பார்த்தால் இந்தப் பையனை யாருமே திருப்பி அனுப்பவில்லை! பெற்றோர்தான் சேர்க்கவில்லை.

அப்படிச் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவு தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பள்ளிக்கு அதே சட்டத்தில் அபராதம் ஏதும் எழுதப்படவில்லை.

உரிமை உண்டு, கதவு இல்லை

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லி நம்மை ஏமாற்றிக் கொள்ள வேண்டாம். 2008 ஜூலையில் நடப்புக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, தன் 28வது பிரிவில் தெளிவாகவே பேசுகிறது. மாற்றுத் திறன் காரணமாக எவரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து விலக்கக் கூடாது. பாலர் பள்ளி முதல் உயர்கல்வி வரை இது பொருந்தும். அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும். படித்தால் மனம் குளிரும். பிறகு 41வது பிரிவுக்கு வாருங்கள். நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மீதும் அமைச்சர் மீதும் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது என்று அதே சட்டம் நிறைவேறியபோதே எழுதி வைத்தார்கள். 28ஐ மீறினால் என்ன தண்டனை என்றும் சட்டம் சொல்லவில்லை. வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக் கொண்டார்கள்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டமும் கை கொடுக்கவில்லை. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களாக 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவற்றுள் பாலினம் 2001இல்தான் சேர்க்கப்பட்டது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ அந்தப் பட்டியலில் இல்லை. ஐ.நா.வின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. தனிமனிதர் புகாருக்கு வழிவிடும் அதன் கூடுதல் நெறிமுறையில் மட்டும் கையெழுத்திடவில்லை.

சிறப்புக் கல்விக்கென 1997இல் வந்த விதிமுறைகள், தன் காரியத்தைத் தானே பார்த்துக் கொள்ளக்கூடிய, 'கல்வி கற்கத் தகுதியுள்ள' பிள்ளை என்ற வரையறையை வைத்திருந்தன. அதற்கு வெளியே நின்ற பிள்ளைகள் எத்தனை பேரோ! 2013இல் புதிய விதிமுறைகள் வந்து அந்த வரையறையைக் கைவிட்டன. மருத்துவரோ உளவியலாளரோ உறுதிப்படுத்தினால் போதும். மூன்று மாதத்துக்கு மேற்படாத பரீட்சார்த்தக் காலம் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஆர்.பி.ஐ., வேண்டும் என்கிறார்கள். 2019 முதல் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் இருக்கிறது. ஆனால் பள்ளி அலுவலக மேசையில் பெற்றோர் இன்றும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி "போலே உருஸ் டிரி?" என்பதுதான். கழிவறைக்குத் தானாகப் போவானா, மாட்டானா? சட்டம் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பள்ளி ஒன்று சொல்கிறது, தாய் வேறொன்று சொல்கிறார். யார் சொல்வது சரி என்று பார்க்க இருவருக்கும் வெளியே நிற்கும் நடுவர் ஒருவரும் இல்லை. பள்ளியைப் பற்றிய புகார் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகும். அதைப் பற்றிய புகார் மாநில இலாகாவுக்கு. அதற்கு மேல் புத்ராஜெயா. மாமியாரைப் பற்றி மாமனாரிடம் புகார் சொல்வது போலத்தான். சுஹாக்காமுக்குப் போகலாம், அவர்கள் விசாரித்துப் பரிந்துரை செய்வார்கள். கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

குளிர்சாதனப் பெட்டி கெட்டுப் போனால் இந்த நாட்டில் என்ன செய்கிறோம்? பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுக் கொடுக்கிறோம். வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை தொடங்கி 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது, நன்றாகவே நடக்கிறது. அதே போன்ற சின்ன மேசை ஒன்றை, பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைக்காகப் போட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நீதிமன்றம் இல்லையா என்று கேட்பீர்கள். சபா, கோத்தா பெலுட்டில் ஆங்கில ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கு வராததை எதிர்த்து மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் 2023இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கல்விச் சட்டம் விதித்த கடமை மீறப்பட்டது, மாணவர்களின் கல்வி உரிமை பாதிக்கப்பட்டது என்று சொல்லி இழப்பீடும் வழங்கியது. கல்வி அமைச்சையே நீதிமன்றத்தில் நிறுத்த முடியும் என்று காட்டிய அந்த மாணவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் முதல் வழக்கு தொடங்கியது 2018இல். ஐந்து ஆண்டு! நம் செராஸ் பையன் ஐந்து ஆண்டு காத்திருந்தால் பதின்மூன்று வயதில் ஜெயித்து வெளியே வருவான். தொடக்கப்பள்ளி வயது முடிந்திருக்கும்.

கறுப்பினப் பிள்ளைகள் திறந்த வழி

மற்ற நாடுகளில் இந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1972இல் நடந்த மில்ஸ் வழக்கை நம் இயக்கத்தவர் அறிந்து வைத்திருக்க வேண்டும். 'அடங்காத பிள்ளை', 'மந்த புத்தி' என்றெல்லாம் முத்திரை குத்திப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஏழு பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு. ஏழு பேரும் கறுப்பினப் பிள்ளைகள். பணமில்லை என்றது கல்வி வாரியம். பணம் போதாவிட்டால் அந்தப் பற்றாக்குறையின் சுமையை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் இறக்க முடியாது என்றார் நீதிபதி ஜோசப் வாடி. அதோடு, விலக்குவதற்கு முன் பெற்றோருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு, சுதந்திரமான நடுவர் முன் விசாரணை என்று ஒரு முறையையும் வகுத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டில், 1975இல், அது நாடு முழுவதற்குமான சட்டமானது.

இன்று அங்கே பெற்றோர் புகார் கொடுத்தால் 15 நாளுக்குள் பள்ளி நிர்வாகம் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் விசாரணை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. தகராறு முடியும்வரை பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கும், பெரியவர்கள் சண்டை போட்டுக் கொள்ளட்டும். இது ஒன்று இங்கே இருந்திருந்தால் அந்த ஏழு மாதம் வீணாகியிருக்காது.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். விசாரணையில் நிரூபிக்கும் பொறுப்பு வழக்குக் கொண்டு வருபவருடையது என்று 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரும்பாலும் அது பெற்றோர்தான். காசு உள்ளவர் வழக்கறிஞரோடும் நிபுணரோடும் வருகிறார், இல்லாதவர் கோப்போடு வருகிறார். இங்கிலாந்தில் தனி நடுவர் மன்றமே இருக்கிறது. விசாரணை வரை போகும் வழக்குகளில் 100க்கு 95க்கும் மேல் பெற்றோர் பக்கமே தீர்ப்பாகிறது. அதற்காக மகிழ்வதா? அத்தனை தடவையும் உள்ளூர் நிர்வாகம் முதலில் தவறாக முடிவு செய்தது என்றல்லவா அதற்குப் பொருள்! விசாரணை நாள் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன என்ற புலம்பலும் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. நம்மிடம் அதுவும் இல்லை.

நம் வீட்டுக் குற்றம்

அரசாங்கத்தைத் திட்டுவது எளிது. இனி நம் பக்கம் வருகிறேன், சிலருக்குக் கசக்கும்.

'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்று ஆண்டுதோறும் பதாகை கட்டுகிறோம். நானும் கட்டியிருக்கிறேன். நாட்டில் 500க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பு கிடையாது. அதனால் இந்தத் தாய்க்கு நாம் கொடுக்கும் தேர்வு, மகனுக்குத் தமிழ் வேண்டுமா, சிறப்பு ஆசிரியர் வேண்டுமா என்பதுதான். மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று ஒரு பக்கம் கண்ணீர் விடுகிறோம். வாசலில் வந்து நின்ற பிள்ளையை மறுபக்கம் வழியனுப்பி வைக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் மண்டபக் கூரைக்கும் கணினி அறைக்கும் மானியம் கேட்டுத் தீர்மானம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். சிறப்புக் கல்வி வகுப்பு கேட்டுப் போட்ட தீர்மானம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மொழியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையை மலாயில் கேள்வி கேட்டுச் சோதித்தால், அது புரியாமல் விழிப்பதைக் குறை என்று எழுதிவிட முடியும். உண்மையான குறையை, மொழி தெரியாததுதான் காரணம் என்று தள்ளிவிடவும் முடியும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்த வகுப்பில் தள்ளியதை எதிர்த்துக் கலிபோர்னியாவில் 1970இல் வழக்குப் போட்டார்கள். பிள்ளையின் மொழியிலேயே சோதிக்க வேண்டும் என்பது இன்று அங்கே சட்டம்.

இந்தப் பிள்ளையின் பாட்டி, "அவங்க அப்பனே அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று சொல்லி மூன்று ஆண்டு மருத்துவமனைப் பக்கமே விடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் தெருவில் வெள்ளைக் கோலோடு நடப்பவரைப் பார்த்தால் நாம் வழிவிட்டு நிற்கிறோம். பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இருக்கும் நாடு இது, அது நமக்குப் பழகிவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் கையில் கோல் இல்லை. அதனால் வளர்ப்பு சரியில்லை என்று தாயைப் பார்க்கிறோம்.

ஆசிரியர்களையும் நான் எதிரியாக நிறுத்த விரும்பவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில், துணைக்கு ஒருவர்கூட இல்லாமல், பயிற்சியும் இல்லாமல், ஓடுகிற பிள்ளையை ஒரு கையால் பிடித்துக் கொண்டு மறு கையால் வெண்பலகையில் எழுதும் ஆசிரியை என்ன செய்வார்? அவர் "முடியவில்லை" என்று சொல்வது பொய்யல்ல. அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதில்தான் தவறு. தாயிடம் சொல்கிறார்கள். எழுத்தில் இலாகாவிடம் கேட்க வேண்டியது அது.

இதை நான் பாடம் கற்றுத்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே போன்ற ஒரு வழக்கு. வந்த வேகத்தில் பள்ளிக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினேன். சட்டப்படி கடிதம் கச்சிதமாக இருந்தது. மறுநாளிலிருந்து தலைமையாசிரியர் அந்தத் தந்தையிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆசிரியை பயந்து, பிள்ளையைத் தொடவே தயங்கினார். பிள்ளை வகுப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் பெற்றோரே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வழக்கில் ஜெயிப்பதும் பிள்ளை படிப்பதும் வேறு வேறு என்று அன்று புரிந்தது. பள்ளியும் பெற்றோரும் அடுத்த ஐந்தாறு ஆண்டு தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அதனால்தான் நடுவர் மன்றத்துக்கு முன் ஒரு சமரசப் பேச்சு இருக்க வேண்டும் என்கிறேன். அந்த நாற்காலியில் கல்வி இலாகாவைச் சேராத ஒருவர் உட்கார வேண்டும். குடும்பத்துக்குத் தெரிந்த மொழியில் பேச வேண்டும். பேசி முடித்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

செராஸ் தாய்க்கு நான் நோட்டீஸ் எழுதவில்லை. அவரையே எழுதச் சொன்னேன். மலாயில், ஒரே பக்கம். இன்ன தேதியில் இன்ன பள்ளிக்குப் போனேன், இடமில்லை என்று இன்னார் சொன்னார், அதைப் புரிந்து கொண்டது சரிதானா, தவறென்றால் 14 நாளில் தெரிவியுங்கள். இரண்டு கல்வி இலாகாவுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்து, நகலில் 'தெரிமா' முத்திரை வாங்கி வரச் சொன்னேன். சட்டத்தில் இந்த 14 நாள் எங்கும் இல்லை. நானாகப் போட்டது. ஆனால் முத்திரை விழுந்த அன்றே அது காகிதத்தில் ஒரு தகராறாகிவிட்டது. இனி யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. பையன் இப்போது ஒரு தேசியப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். பரீட்சார்த்தக் காலம் முடிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளுவதில்லை என்கிறார்கள். தாய் மீண்டும் பகுதி நேரமாக வேலைக்குப் போகிறார். வகுப்பில் தமிழ் இல்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்ததும் "சுடா" என்கிறானாம். முடிந்தது என்று மலாயில் சொல்கிறான். பாட்டிக்கு மலாய் தெரியாது. "சூடா இருக்காடா?" என்று வெறும் தட்டை ஊதிக் கொண்டிருக்கிறார்.

தனிநபர் கல்வித் திட்டக் கூட்டம் அடுத்த மாதம். நீங்களும் வர முடியுமா சார் என்று தாய் கேட்டார். வேண்டாம், வேகமாக எழுதத் தெரிந்த உங்கள் நாத்தனாரைக் கூட்டிப் போங்கள் என்றேன். வாரத்தில் ஒரு மணி நேரமாவது பையனின் படச் சொல் அட்டைகளில் தமிழும் இருக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கையை அவரே மலாயில் எழுதிக் கொண்டு வந்து காட்டினார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.